எடிசனைப் பத்து வருஷம் அலைக்கழித்த பேட்டரி

தாமஸ் ஆல்வா எடிசன் பெயரில் அமெரிக்காவில் பதிவான காப்புரிமைகள் 1,093. பள்ளிப் பாடத்தில் நமக்குச் சொன்னது பல்பும் ஃபோனோகிராஃபும், அதோடு சரி. ஆனா அந்த 1,093-ஐத் துறைவாரியா பிரிச்சுப் பார்த்தா ஒரு எண் கண்ணில் உறுத்தும். மின்விளக்கு, மின்விநியோகம் சார்ந்தவை 389. ஃபோனோகிராஃப் 195. தந்தி 150. அதற்கு அடுத்து, 141 காப்புரிமைகளோடு நிற்பது பேட்டரி. டெலிபோனுக்கு வெறும் 34-தான்.

அதாவது அவர் வாழ்நாள் காப்புரிமைகளில் ஏறக்குறைய 13 சதவீதம், சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு பெட்டிக்காகப் போயிருக்கிறது. அந்தப் பெட்டியை அவர் ஒரு காலத்தில் மோசடி என்றே திட்டியவர். திட்டியவர் ஏன் அதிலேயே பத்து வருஷத்தைக் கொட்டினார் என்பது, ரிமோட்டில் போடும் செல்லுக்கும் போனுக்குள் இருக்கும் செல்லுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கான பதிலும்கூட.

ஆசிட் கொட்டிய இரவு

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, ஒஹையோ மாநிலத்தின் மிலன் என்ற சின்ன ஊரில். ஏழு வயதில் குடும்பம் மிச்சிகனின் போர்ட் ஹூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு சில மாதங்களோடு முடிந்தது. மீதியை அம்மா நான்சிதான் வீட்டில் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் போர்ட் ஹூரன் – டெட்ராய்ட் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கப் போனார். ரயிலிலேயே சின்னதா ஒரு பத்திரிகை அச்சடித்தது, லக்கேஜ் பெட்டியில் கெமிஸ்ட்ரி பாட்டில்களை அடுக்கி வைத்தது எல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதைகள். அதே வயதுகளில் காது மந்தமாகத் தொடங்கியது. கடைசிவரை அது சரியாகவில்லை.

1862-ல் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையை ரயில் தண்டவாளத்திலிருந்து காப்பாற்றினார். நன்றிக்கடனாக அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். அடுத்த ஐந்தாறு வருஷம் எடிசன் ஊர் ஊராகச் சுற்றிய தந்தி ஆபரேட்டர். நம்ம கதைக்கு முக்கியமான காலம் இதுதான். ஏன்னா அன்றைய தந்தி அலுவலகம் என்றாலே பேட்டரி ரூம்தான்.

சுவரில் பிளக் பாயின்ட் இல்லாத காலம். கம்பியில் ஓடிய மின்சாரம் முழுக்க கண்ணாடி ஜாடிகளில் தயாரானது. ஜாடிக்குள் துத்தநாகம், இன்னொரு உலோகம், ஒரு கரைசல். முதலில் நைட்ரிக் அமிலம் ஊற்றிய குரோவ் செல்கள், மூச்சை அடைக்கும் புகையோடு. பிறகு மயில்துத்தக் கரைசல் நீல நிறத்தில் அடியில் தேங்கி நிற்கும் கிராவிட்டி செல்கள். துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வரும். கரைந்து முடிந்தால் தகட்டை மாற்றணும், கரைசலை மாற்றணும். மின்சாரம் தயாரிப்பது அப்போ அடுப்பில் விறகு வைப்பது மாதிரியான வேலை. எரிந்தது எரிந்ததுதான்.

இந்த வகைக்குத்தான் முதன்மை மின்கலம், பிரைமரி செல் என்று பெயர். வேதிவினை ஒரே திசையில் நடந்து தீரும்.

1867-ல் லூயிவில் நகரத்தில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது, 20 வயது எடிசன் யாருக்கும் தெரியாமல் பேட்டரி சோதனை செய்திருக்கிறார். கந்தக அமிலம் தரையில் கொட்டி, பலகையின் இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்தில் மேலாளர் மேஜைக்கே இறங்கிவிட்டது. மறுநாள் வேலை போச்சு. எடிசன் வாழ்க்கையில் பேட்டரி வைத்த முதல் செலவு இது. கடைசியில்லை.

அப்போ சார்ஜ் ஏற்றும் செல்லே இல்லையா?

இருந்தது. 1859-லேயே பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே, இரண்டு காரீயத் தகடுகளைச் சுருட்டி கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, சார்ஜ் ஏற்றி இறக்கக்கூடிய செல்லை உருவாக்கிவிட்டார். நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் கொள்ளுத்தாத்தா அதுதான். 1881-ல் கமீய் ஃபோர் தகட்டின்மேல் காரீய ஆக்சைடு பசையைப் பூசி, அதைத் தொழிற்சாலையில் வேகமாகச் செய்யக்கூடிய பொருளாக மாற்றினார்.

ஆனா ஒரு அபத்தம் இருந்தது. டைனமோ பரவுவதற்கு முன்பு, இந்தச் செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற வேறு பேட்டரிதான் வேணும். முதலில் ஜாடி ஜாடியாகப் பிரைமரி செல்களை எரித்து, அந்த மின்சாரத்தை இரண்டாவதாக இதில் தேக்கணும். துணை மின்கலம், செகண்டரி செல் என்ற பெயர் வந்ததே அப்படித்தான். இதில் இரண்டாம் தரம் என்ற அர்த்தம் இல்லை. வரிசையில் இரண்டாவது, அவ்வளவுதான்.

இதற்கிடையே எடிசன் வேறு உயரத்துக்குப் போயிருந்தார். 1876-ல் மென்லோ பார்க் ஆய்வகம். 1877-ல் ஃபோனோகிராஃப். 1879-ல் பல்பு. 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம். இதெல்லாம் தெரிந்த கதை, தாண்டிப் போகலாம்.

பேர்ல் ஸ்ட்ரீட் தொடங்கிய மறுவருஷம், 1883-ல், சேமிப்பு பேட்டரி பற்றி எடிசன் வெளிப்படையாகச் சொன்ன கருத்து கடுமையானது: பங்கு விற்கும் கம்பெனிகள் மக்களை ஏமாற்றப் பயன்படுத்தும் பரபரப்புச் சரக்கு இது. முழுக்க வயித்தெரிச்சல் என்று சொல்ல முடியாது. ஃபோரின் பேட்டரியை முன்வைத்து லண்டனிலும் மற்ற இடங்களிலும் பங்கு வியாபாரம் சூடு பறந்த நேரம் அது. காரீயத் தகடுகளும் சீக்கிரமே உதிர்ந்து வீணாகின. ஆனா எடிசன் விற்றது தடையில்லாமல் ஓடும் டைனமோ மின்சாரம் என்பதையும் சேர்த்தே இந்தக் கருத்தை வாசிக்கணும்.

பிரைமரி செல் விற்ற எடிசன்

அதிகம் பேசப்படாத ஒரு அத்தியாயம் இங்கே இருக்கு. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் எடிசன் பேட்டரி வியாபாரத்துக்கு வந்தது பிரைமரி செல்லோடுதான். பிரான்சின் லாலாந்தும் ஷப்பரோனும் உருவாக்கிய வடிவத்தை மெருகேற்றி, எடிசன்-லாலாந்து செல் என்று விற்றார். துத்தநாகம், காப்பர் ஆக்சைடு, நடுவில் காஸ்டிக் சோடா கரைசல். ஒரு செல்லுக்குச் சுமார் 0.7 வோல்ட்தான் கிடைக்கும். ஆனா பயன்படுத்தாத நேரத்தில் சும்மா கரைந்து போகாது, மாதக்கணக்கில் நிதானமாக உழைக்கும். மின்இணைப்பே இல்லாத இடங்களில் ரயில்வே சிக்னலுக்கு இது தோதாக அமைந்தது.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் இதே தர்க்கம்தான். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட் மாதிரி கொஞ்சமாக, நீண்ட நாள் மின்சாரம் கேட்கும் இடத்தில் பிரைமரி செல்தான் லாபம். சாதாரண அல்கலைன் பென்சில் பேட்டரி அலமாரியில் சில வருஷம் கிடந்தாலும் பெரும்பாலான சக்தியைத் தக்கவைக்கும். சார்ஜ் ஏற்றும் செல்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும்போதே தானாக இறங்கும். அதையும் தாண்டி அவற்றுக்கு ஆட்கள் பணம் கொடுப்பது, அடிக்கடி நிறைய மின்சாரம் உறிஞ்சும் பொருட்களுக்காக.

அப்போ தீர்ந்துபோன பென்சில் செல்லை சார்ஜரில் போட்டு மின்சாரத்தை எதிர்த்திசையில் ஓட்டினால் என்ன? துத்தநாகம் திரும்பப் படியத்தான் செய்யும், ஆனா பழைய வடிவத்தில் இல்லை. முள் முள்ளாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். எதிர்முனையின் மாங்கனீசு டை ஆக்சைடு ஒருகட்டத்துக்கு மேல் தன் பழைய படிக அமைப்புக்குத் திரும்பாது. கூடவே உண்டாகும் வாயு, மூடி சீல் வைத்த டப்பாவுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒழுகும், சில நேரம் வெடிக்கும். செல்லின் மேலே சார்ஜ் செய்யாதே என்று எச்சரிக்கை அச்சடிப்பது அதனால்தான்.

ஆக, சார்ஜ் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்வது சார்ஜர் இல்லை. மின்சாரம் கொடுத்த பிறகு செல்லுக்குள் மிஞ்சும் பொருள் எங்கே, எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

52 வயதில் புது வேலை

1890-கள் எடிசனுக்கு நல்ல காலம் இல்லை. 1892-ல் அவரது மின்சாரக் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனது; பெயரிலிருந்த எடிசன் காணாமல் போனார். நியூ ஜெர்சியின் ஆக்டன்ஸ்பர்க்கில் தரம் குறைந்த இரும்புத் தாதுவைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் திட்டத்தில் பெரும் பணத்தைத் தொலைத்தார். 1899-ல், 52 வயதில், அவர் அடுத்துத் தொட்டது சேமிப்பு பேட்டரி.

காரணம், சாலையில் ஓடிய கார்கள். 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவி, 1,575 மின்சாரம், 936 மட்டுமே பெட்ரோல் என்கிறது அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. பெட்ரோல் கார் மூன்றாமிடம்! மின்சாரக் காருக்கு வாசனை இல்லை, சத்தம் இல்லை, கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் அவதி இல்லை. அதன் ஒரே பாரம் காரீய பேட்டரி. எடை அதிகம், அமிலம் தன் தகட்டையே தின்னும், அதிர்வில் பசை உதிரும்.

எடிசன் எடுத்த முடிவு தெளிவானது: காரீயம் வேண்டாம், அமிலம் வேண்டாம். காரக் கரைசலில் வேலை செய்யும் உலோக ஜோடியைத் தேடினார். ஆய்வகத்தில் உலோகம் உலோகமாக, ஆக்சைடு ஆக்சைடாகச் சோதித்தார்கள். எத்தனை சோதனை? 9,000 என்பார்கள், 10,000 என்பார்கள், 50,000 என்றும் ஒரு கணக்கு சுற்றுகிறது. இப்படி ஐந்து மடங்கு ஆடும் எண்ணை வைத்து நான் சார்ட் போட மாட்டேன். நிறைய என்று வைத்துக்கொள்வோம்.

கடைசியில் நின்ற ஜோடி: ஒரு முனையில் நிக்கல், மறுமுனையில் இரும்பு, நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்.

இந்தத் தேர்வில் இருக்கும் வேதியியல் அழகானது. மின்சாரம் கொடுக்கும்போது இரும்பு, இரும்பு ஹைட்ராக்சைடாக மாறுகிறது. நிக்கல் ஆக்சி ஹைட்ராக்சைடு, நிக்கல் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இரண்டுமே அந்தக் கரைசலில் கரையாத திடப்பொருட்கள். அதாவது பிறந்த இடத்திலேயே, தகட்டிலேயே தங்கிவிடும். சார்ஜ் ஏற்றும்போது திரும்பிப் போக வழி தெரியும். ஜாடியில் கரைந்து ஓடிப்போன துத்தநாகத்துக்கு இல்லாத வசதி இது. கரைசலும் கிட்டத்தட்ட செலவாவதில்லை. அயனிகளை இங்கிருந்து அங்கே கடத்தும் வேலை மட்டும் பார்க்கிறது. காரீய பேட்டரியில் அப்படி இல்லை. அங்கே அமிலமே வினையில் பங்கெடுக்கும், சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்க்கும். மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு அடர்த்தி பார்ப்பது அதைத்தான்.

இந்த யோசனை எடிசனுக்கு மட்டும் தோன்றியதில்லை. ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் அதே ஆண்டுகளில் நிக்கல்-இரும்பையும், இரும்புக்குப் பதில் கேட்மியம் போட்ட நிக்கல்-கேட்மியத்தையும் உருவாக்கியிருந்தார். இருவருக்கும் காப்புரிமைச் சண்டை நடந்தது. பண பலமும் பெயரும் எடிசன் பக்கம். ஆனா 20-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பரவியது யுங்னரின் நிக்கல்-கேட்மியம்தான். இந்தக் கதையை எடிசன் தனி ஆளாகச் சாதித்தது மாதிரி எழுதுபவர்கள் யுங்னரை விட்டுவிடுகிறார்கள். ஆய்வகத்தில் உழைத்த ஜோனஸ் ஏய்ல்ஸ்வொர்த் மாதிரியான வேதியியலாளர்களையும்.

விற்ற பேட்டரியைத் திரும்ப வாங்கியது

1901-ல் எடிசன் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி தொடங்கியது. சந்தைக்கு வருவதற்கு முன்பே எடிசன் பத்திரிகைகளிடம் பெரிய வாக்குறுதிகள் கொடுத்துவிட்டார். இன்றைய ஸ்டார்ட்அப் அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா தெரியாது. பேட்டரியை வண்டியில் போட்டு மோசமான சாலைகளில் ஓட்டினார்கள், மாடி ஜன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்தார்கள். தாங்கியது.

ஆனா வாடிக்கையாளர் கைக்குப் போனதும் தாங்கவில்லை. டப்பாவின் இணைப்பு வழியே காரக் கரைசல் கசிந்தது. அதைவிட மோசம், சில செல்கள் மெல்ல மெல்லத் தேக்குதிறனை இழந்தன. நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால், கடத்துவதற்காக அதோடு கிராஃபைட் செதில்களைக் கலந்திருந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் உப்பிச் சுருங்க, செதில்களோடு இருந்த தொடர்பு அறுந்தது. பொருள் உள்ளேயே இருக்கு, மின்சாரம்தான் அதை எட்டவில்லை.

திரும்பி வரக்கூடிய வேதிவினை இருந்தால் மட்டும் போதாது என்ற பாடம் இது. நூறு முறை, ஆயிரம் முறை போய்த் திரும்பினாலும் பொருள் அதே இடத்தில், அதே தொடர்போடு இருக்கணும். நம்ம போன் பேட்டரி மூன்று வருஷத்தில் களைத்துப் போவதும் இந்தக் குடும்பத்துப் பிரச்சினைதான், வேதியியல் வேறாக இருந்தாலும்.

1904 இறுதியில் எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். பழுதான பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். 57 வயது, உலகப் புகழ், கையில் ஃபோனோகிராஃபும் சினிமாவும் சிமென்ட்டும் இருந்தன. விடவில்லை. அந்தத் தொழில்களின் லாபம் இதில் கரைந்தது. மொத்தச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது என்பார்கள்.

இன்னும் ஐந்து வருஷம். கிராஃபைட்டுக்குப் பதில் மிக மெல்லிய நிக்கல் செதில் வந்தது. ஓட்டை போட்ட சின்ன எஃகுக் குழாய்களுக்குள் நிக்கல் ஹைட்ராக்சைடும் நிக்கல் செதிலும் மாறி மாறி, நூற்றுக்கணக்கான அடுக்குகளாக இறுக்கித் திணிக்கப்பட்டன. உப்பினாலும் குழாய் பிடித்துக்கொள்ளும். கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் தேக்குதிறனும் ஆயுளும் கூடின. ஆமா, லித்தியம்தான், ஆனா இன்றைய லித்தியம்-அயன் செல்லில் அது செய்யும் வேலையும் இதுவும் வேறு வேறு.

1909-ல் புதிய செல் சந்தைக்கு வந்தது. இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. அடித்தாலும், ஓவராகச் சார்ஜ் ஏற்றினாலும், காலியாகவே போட்டு வைத்தாலும் சாகாத பேட்டரி.

ஆனா கார் போய்விட்டது

அதற்கு ஒரு வருஷம் முன்புதான், 1908-ல், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1896-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில், டெட்ராய்ட்டின் எடிசன் மின்கம்பெனியில் வேலை பார்த்த இளம் இன்ஜினியர் ஃபோர்ட் தன் பெட்ரோல் வண்டியை விவரித்தபோது, மேஜையைத் தட்டி உற்சாகப்படுத்தியவர் எடிசனேதான். 800 டாலருக்கு மேல் தொடங்கிய மாடல் டி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. எந்த பேட்டரியும் அந்த விலையோடு போட்டி போட்டிருக்க முடியாது.

அடுத்த அடி 1912-ல். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி சுற்றும் அவதியும் தீர்ந்தது. அந்த ஸ்டார்ட்டருக்குத் தேவை சில நொடிகளுக்கு மட்டும் பாய்ந்து வரும் பெரிய மின்னோட்டம். காரீய பேட்டரி அதைக் கொடுக்கும். எடிசனின் பேட்டரி கொடுக்காது; உள்தடை அதிகம், குளிரில் இன்னும் சோர்ந்துபோகும். ஒரு செல்லுக்குக் காரீயம் 2 வோல்ட் தர, இது சுமார் 1.2 வோல்ட்தான். விலையும் பல மடங்கு. அவர் வெறுத்த காரீயம், அவர் உற்சாகப்படுத்திய பெட்ரோல் காரின் பானெட்டுக்கு அடியில் நிரந்தரமாகக் குடியேறியது.

ஃபோர்ட் கடன் கொடுத்து உதவினார். இருவரும் சேர்ந்து விலை மலிவான மின்சாரக் கார் கொண்டுவரப் போவதாக 1914-ல் செய்தி வந்தது. சோதனை வண்டிகளோடு அது நின்றுபோனது.

1916 ஜனவரியில் வேறொரு சோகம். புரூக்ளின் கடற்படைத் தளத்தில், எடிசன் பேட்டரி பொருத்திய ஈ-2 நீர்மூழ்கிக் கப்பலுக்குள் வெடிவிபத்து. குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். சார்ஜ் ஏற்றக்கூடிய, தண்ணீர் கலந்த கரைசல் உள்ள பல செல்களில், சார்ஜின் கடைசிக் கட்டத்தில் தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். எடிசன் செல்லிலோ இறங்கும்போதும் ஹைட்ரஜன் கொஞ்சம் வரும். மூடிய கப்பலுக்குள் அது தேங்க, ஒரு பொறி போதுமானதாக இருந்தது. அமில பேட்டரியில் கடல்நீர் பட்டால் குளோரின் விஷவாயு வரும். அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் கடற்படை இந்த பேட்டரியைச் சோதித்தது. இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கணும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றணும் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே வாயுதான்.

வேறு வழியில் வந்த பணம்

கார் கைவிட்டாலும் பேட்டரி தோற்றது என்று எழுதிவிட முடியாது. டெலிவரி டிரக், சுரங்க இன்ஜின், ரயில் பெட்டி விளக்கு, ரயில்வே சிக்னல் என்று வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்தார்கள். தீச்சுடர் விளக்கால் சுரங்கத்தில் வாயு வெடித்துத் தொழிலாளர்கள் செத்த காலத்தில், இடுப்பில் எடிசன் செல்லும் தலையில் மின்விளக்கும் மாட்டிய சுரங்கத் தொழிலாளி 1910-களின் நடுவில் உருவானார். இங்கெல்லாம் ஒரே நொடியில் பாயும் மின்சாரம் தேவையில்லை. மோசமாக நடத்தினாலும் சாகாத பேட்டரிதான் தேவை. எடிசனின் கடைசிக் காலத்தில் நல்ல லாபம் கொடுத்த தொழில்களில் ஒன்றாக பேட்டரி கம்பெனி நின்றது.

அதே காலத்தில் அவரது கம்பெனி பிரைமரி செல்களையும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத ஒதுக்குப்புற சிக்னலுக்குத் தூக்கிப் போடும் செல், தினமும் ஷெட்டுக்குத் திரும்பி வரும் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் செல். இரண்டில் எது சிறந்தது என்று எடிசன் கம்பெனி வாடிக்கையாளரிடம் கேட்கவில்லை. எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். தீர்ந்த செல் எங்கே போனது என்ற கேள்வியை மட்டும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் எல்லா வகை செல்லுக்கும் அது சட்டமாக வந்தது 2022-ல், பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளோடு. பிரைமரி, ரீசார்ஜபிள் என்ற பேதமில்லாமல் எல்லா வகைக்கும், திரும்பப் பெற வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் அவை வைக்கின்றன.

எடிசன் 1931 அக்டோபர் 18-ல் வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள தன் வீட்டில் காலமானார். 84 வயது. பேட்டரி கம்பெனி அவருக்குப் பிறகும் ஓடியது. 1970-களில் அதை வாங்கியது எக்சைடு, அதாவது காரீய-அமில பேட்டரி கம்பெனி. 1975-ல் நிக்கல்-இரும்பு உற்பத்தியை அது மூடியது. அதற்குள் பல பதிற்றாண்டுகள் பழசாகியிருந்த எடிசன் செல்கள் சில, கரைசலை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் இன்னும் சார்ஜ் ஏற்றுக்கொள்கின்றன.